ஏழாம் எண் மெட்ரோவும் லா கூர்னெவ் வீடும்

கைவினைப் பொருள் ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு ‘மெஸோன் எ ஒப்ஜே’வை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1995-இல் தொடங்கிய வர்த்தகக் கண்காட்சி. ஜனவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. பாரிஸுக்கு வடக்கே, விமான நிலையம் போகிற வழியில், வில்பெந்த் வளாகத்தில் நடக்கும். கடைக்காரர்களும் வடிவமைப்பாளர்களும் மொத்தமாக வாங்குகிறவர்களும்தான் வருவார்கள். அந்த நாட்களில் சுற்றுவட்டார ஓட்டல்கள் வாடகையை ஏற்றிவிடும். சுவாமிமலை வெண்கலத்தையும் நாச்சியார்கோவில் குத்துவிளக்கையும் காஞ்சி நெசவையும் பெட்டி கட்டிக்கொண்டு வருகிற எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அது கட்டுப்படியாகாது. எனக்கு லா கூர்னெவ் என்ற புறநகர் கிடைத்தது அப்படித்தான்.

இரண்டாயிரத்துகளின் நடுவில் கும்பகோணத்து ஏற்றுமதியாளர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சு கொஞ்சம் கைவசம் இருந்ததால், கண்காட்சிக்குப் போகும் கைவினைஞருக்குத் துணையாக என்னை அனுப்புவார்கள். ஒரு வருடம் ஸ்தபதி வருவார், இன்னொரு வருடம் நெசவாளர். தங்குவது எப்போதும் ஒரே வீடு. எண்பதுகளில் வந்து சேர்ந்த யாழ்ப்பாணத்துத் தம்பதி. அவர் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. நான் அவரை அண்ணை என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். ஒரு அறையை எங்களுக்கு ஒழித்துத் தருவார்கள். இரவு புட்டும் சொதியும் தயாராக இருக்கும். வாடகை பற்றிப் பேச்செடுத்தால் அக்காவுக்குக் கோபம் வரும். அண்ணை மட்டும் தனியாக வாங்கிக்கொள்வார்.

குசினி ஜன்னலைத் திறந்தால் பால்சாக் என்ற நீண்ட அடுக்குமாடி தெரியும். ‘நாலாயிரம்’ என்று ஊரே அழைக்கும் அறுபதுகளின் குடியிருப்பில் ஒரு பகுதி அது. மொத்தம் நாலாயிரம் வீடுகள் என்பதால் அந்தப் பெயர். இயக்குநர் கொதார் 1967-இல் வெளிவந்த தன் படம் ஒன்றை இந்தக் குடியிருப்பில்தான் எடுத்தார். 1986-இல் தொடங்கி ஒவ்வொரு கட்டிடமாக இடித்து வந்தார்கள். பால்சாக் 2011-இல் போயிற்று. பாரிஸ்காரர்கள் லா கூர்னெவ் என்றால் முகம் சுளிப்பார்கள். வில்பெந்தில் பக்கத்து ஸ்டால்காரர் ஒருவர் நாங்கள் தங்கியிருக்கும் ஊரைக் கேட்டதும், பத்திரமாகப் போய் வாருங்கள் என்றார். நாங்கள் அங்கே கண்டதெல்லாம் கறிவேப்பிலை கிடைக்கிற ஊர்.

கத்ர் ரூட் சந்தை செவ்வாய், வெள்ளி, ஞாயிறு கூடும். மரவள்ளி, வாழைக்காய், வெண்டைக்காய், கட்டுக்கட்டாக வட ஆப்பிரிக்கப் புதினா. ஒரே கடையில் தமிழும் அரபும் பிரெஞ்சும் பேரம் பேசும். தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இந்தப் பக்கம் முழுக்கக் காய்கறித் தோட்டம்தான். ‘வெர்த்யூ சமவெளி’ என்று பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய மஞ்சள் வெங்காய வகை ஒன்று இன்றும் பயிராகிறது.

காலையில் பஸ் பிடித்து ஆர்.இ.ஆர். ‘பி’ ரயில் நிலையம். லெ பூர்ஜே, த்ரான்சி, ஓல்னே என்று கடந்து கண்காட்சி நிலையத்தில் இறங்க வேண்டும். வேலைநிறுத்தம் என்றால் அண்ணை முதல் நாள் இரவே எச்சரிப்பார்: “நாளைக்குக் கிரேவ் தம்பி. வெள்ளென வெளிக்கிட்டாத்தான் போய்ச் சேருவியள்.”

கண்காட்சி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விசிட்டிங் கார்டு, சாம்பிள், விலைப்பட்டியல், கால் வலி. ஒரு காட்சி மட்டும் மறக்கவில்லை. ஒரு பையர் எங்கள் நடராஜரை நெடுநேரம் பார்த்துவிட்டு, காலடியில் கிடக்கும் அந்தக் குள்ளன் இல்லாமல் செய்து தர முடியுமா, எடை குறையுமே என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஸ்தபதி சிரிக்கவில்லை. “அப்ப சாமி எதும்மேல நிப்பாருன்னு கேளுங்க” என்றார். ஆர்டர் வரவில்லை.

ஊர் சுற்ற நேரம் கிடைப்பது ஸ்டால் அடுக்குவதற்கு முந்தைய நாளிலும், எல்லாம் முடிந்து விமானம் ஏறுவதற்குள்ளும்தான். எங்கே போகலாம் என்று கேட்டால் அண்ணையிடம் ஒரே பதில்: “ஏழாம் நம்பரை விட்டு இறங்காதேங்கோ. எல்லாம் அதிலயே கிடக்கு.” லா கூர்னெவ்தான் ஏழாம் எண் மெட்ரோவின் வடக்கு முனை, 1987-இல் இங்கு வரை நீட்டினார்கள். முதல் நிலையத்தில் ஏறுவதால் உட்கார இடம் கிடைக்கும். போகப்போக அவர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது.

லூயி பிளாங் நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல். அதை அருங்காட்சியகக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் ஃபோபூர் சன் தெனி தெருவில் நகைக்கடையும் புடவைக்கடையும் பலகாரக் கடையும் பார்த்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு முகத்தில் களை வரும். 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆவணி வாக்கில் தேர் ஓடும். அதே லாச்சப்பல் மெட்ரோவுக்கு எதிரில் பூஃப் து நோர் என்ற பழைய நாடக அரங்கு. கைவிடப்பட்டுக் கிடந்ததை 1974-இல் நாடக இயக்குநர் பீட்டர் புரூக் எடுத்துத் திறந்தார். அவருடைய மகாபாரத நாடகம் அவிஞோனில் அரங்கேறிய பிறகு இங்கேதான் நடந்தது.

லூவ்ரும் இதே பாதையில்தான் வருகிறது. அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். கண்காட்சியில் நாள் முழுக்க நின்ற காலோடு லூவ்ருக்குள் போகாதீர்கள் என்பதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

இன்னும் தெற்கே, சான்சியே அருகே, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தோட்டம். பூச்செடி பார்க்கத்தான் பலரும் போகிறார்கள். ஆனால் அங்குள்ள நூலகத்தில் பாண்டிச்சேரியின் ஒரு பட்டறை இருக்கிறது. 1734 வாக்கில் பொலியே என்ற கடற்படை அதிகாரி, பாண்டிச்சேரியில் துணிக்குச் சாயம் எழுதுகிறவர் பக்கத்தில் நின்று, கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டுவதிலிருந்து படிகாரம் தொட்டு எழுதுவது, சாயவேரில் காய்ச்சுவது வரை ஒவ்வொன்றையும் குறித்தார். படிக்குப் படி துணியில் துண்டு வெட்டிச் சேர்த்தும் வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதிதான் அது. இத்தனைக்கும் அப்போது பிரான்சில் நம் ஊர்த் துணிக்குத் தடை. பட்டு, கம்பளி நெசவாளர்களின் கூக்குரலுக்கு இணங்கி 1686-இல் போட்ட தடை 1759 வரை நீடித்தது. தடுக்கத் தடுக்க மோகம் கூடியது. அரசவைப் பெண்களே உடுத்தினார்கள். தடை நீங்கியதற்கு மறு ஆண்டே ஓபர்காம்ப் என்ற ஜெர்மன்காரர் ஜூயி ஊரில் அச்சுத்துணித் தொழிற்சாலை தொடங்கினார். அவர் பெயரில் இன்று மெட்ரோ நிலையம் இருக்கிறது. சாயம் எழுதிக் காட்டிய நம் ஆளின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது கோபெலான். அந்த நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் திரைச்சீலை நெய்யும் கூடம். சாயக்காரக் குடும்பம் ஒன்றின் இடத்தில் 1662-இல் அமைச்சர் கொல்பேர் அரசுக்காக ஏற்படுத்தியது. இன்றும் அரசுக்குத்தான் நெய்கிறார்கள், வெளியே விற்பதில்லை. முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

காஞ்சி நெசவாளரோடு போனது நன்றாக நினைவிருக்கிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் தறி. பாவு மேலிருந்து கீழே இறங்குகிறது. நெய்கிறவர் சீலையின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்ணநூல் சுற்றிய சின்னக் கதிர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. முன்பக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க எதிரே ஒரு கண்ணாடி. பாவு இழைகளின் சந்து வழியாக அந்தக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துப் பின்னால் நெய்கிறார். நம்மவர் ஏறக்குறையக் குந்தியே உட்கார்ந்துவிட்டார். ஊடையை அமுக்கும் சீப்பைக் காட்டி என்னவோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரிந்ததே தவிரத் தறி தெரியாது. அந்தப் பெண்மணி அதைப் புரிந்துகொண்டு, சீப்பை எடுத்து மெதுவாக இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். அதன்பின் நான் தேவைப்படவில்லை. வெளியே வந்ததும் நம்மவர் கேட்டது ஒன்றுதான்: “ஒரு சீலைக்கு வருசக்கணக்கா ஆவுதுங்கறாங்க. கூலி எப்படி?” மாதச் சம்பளம், அரசு வேலை என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “கரை சேக்கற கோர்வை போட ஆள் கிடைக்கலன்னு நம்ம ஊர்ல தறிய நிறுத்திட்டு இருக்கோம்” என்றார்.

ஏழாம் எண்ணை விட்டு இறங்கித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களும் உண்டு. ஷோசே தாந்தேனில் ஒன்பதாம் எண்ணுக்கு மாறி இயேனாவில் இறங்கினால் கிமே அருங்காட்சியகம். லியோன் தொழிலதிபர் எமில் கிமே 1889-இல் பாரிஸில் திறந்தது. செயற்கை நீல நிறமி கண்டுபிடித்த அப்பாவின் சொத்து அந்த அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். ஸ்தபதி முதலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன். அப்புறம் கண்காட்சி விளம்பரத் தாளில் ஒரு நீளத் துண்டு கிழித்து, பட்டறையில் தென்னை ஓலையை மடித்து அளவு பிடிப்பது போல மடித்து, கையை நீட்டி ஒரு கண்ணை மூடி முகத்துக்கும் மார்புக்கும் முழங்காலுக்கும் வைத்து வைத்துப் பார்த்தார். காவலாளி நெருங்கி வந்தார். இவர் சிற்பி, இதே வேலை செய்கிறவர் என்றேன். காவலாளி ஒதுங்கி நின்றுகொண்டார்.

“மெழுகுலயே முடிச்சிருக்காங்க. உளி அதிகம் படல” என்றார் ஸ்தபதி. பிறகு குனிந்து காலடிக் குள்ளனான முயலகனை வெகுநேரம் பார்த்தார். “இவன் முகத்துலதான் தம்பி மொத்த வேலையும்.”

பிரெஞ்சுச் சிற்பி ரொதேன் 1913-இல் நடராஜரைப் பற்றி எழுதியதை அவருக்குச் சொன்னேன். சென்னை அருங்காட்சியகத்துச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து எழுதியது. 1921-இல், ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரையும் இருந்த தொகுப்பில் வெளிவந்தது. “போட்டோவுலயா?” என்று மட்டும் கேட்டார்.

ஷாத்லேயில் பதினொன்றுக்கு மாறினால் ஆர் எ மெத்தியே அருங்காட்சியகம். 1794-இல் தொடங்கிய நிறுவனம், பழைய மடாலயத்துக்குள் இயந்திரங்கள். வோகான்சோன் செய்த தானியங்கித் தறி இங்கே இருக்கிறது. அதைப் பார்த்துச் சீர்செய்து பழகிய ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த பொறியின் பெயரைத்தான் ஆரணியிலும் காஞ்சியிலும் தறிமேல் வைத்த பெட்டிக்குச் சொல்கிறோம். நெசவு சம்பந்தப்பட்டவர்கள் லூவ்ரை விட்டாலும் இதை விடக் கூடாது.

லா கூர்னெவிலிருந்தே டிராம் ஏறினால் சன் தெனி தேவாலயம், பிரெஞ்சு அரசர்களின் கல்லறை. இரண்டாம் ஆன்றியும் ராணி கத்தரினும் கீழே சலவைக்கல்லில் பிணமாகக் கிடக்கிறார்கள். மேலே அதே இருவரும் வெண்கலத்தில் மண்டியிட்டு வணங்குகிறார்கள். ஜெர்மேன் பிலோன் வேலை. ஸ்தபதிக்கு வெண்கலம் பிடித்தது, பிணம் பிடிக்கவில்லை. லெ பூர்ஜே விமான அருங்காட்சியகம் அண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்காகப் போனது. கான்கார்டுக்குள் ஏறி இறங்கினோம்.

கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். கண்காட்சி பெரும்பாலும் திங்களிலோ செவ்வாயிலோதான் முடியும். ஆர் எ மெத்தியே திங்களில் மூடியிருக்கும். கிமேயும் லூவ்ரும் செவ்வாயில். மாதத்தின் முதல் ஞாயிறு கிமேயில் கட்டணம் இல்லை. கோபெலானுக்கு ஊரிலிருந்தே பதிவு செய்யுங்கள். கைவினைஞரைக் கூட்டிப்போகிறவர்கள் அவருக்கு ஒரு நாள் முன்னதாக டிக்கெட் எடுங்கள். அந்தச் செலவை ஸ்டால் கணக்கிலேயே எழுதலாம்.