பத்து பவுண்டுக்கு விற்ற படகு



போன சுவரிதழில் எல்லாரும் ராக்கெட், மழைநீர் சேமிப்பு, கலாம் ஐயா என்று எழுதிவிட்டார்கள். நான் படகைப் பற்றி எழுதப் போறேன்னு சொன்னதும் என் பெஞ்சுத் தோழிகள், "நம்ம ஊர்ல பாக்காத படகா?"ன்னு சிரிச்சாங்க. இது நீங்க பாக்காத படகுதான். இதன் பெயர் எண்டெவர். முயற்சி என்று அர்த்தம்.

இங்கிலாந்தில் காஸ்போர்ட் என்ற ஊரில் 1934-ஆம் ஆண்டு இதைக் கட்டினார்கள். மீன் பிடிக்க இல்லை, சரக்கு ஏற்ற இல்லை, பந்தயம் ஓட மட்டும். சொந்தக்காரர் தாமஸ் சாப்வித். விமானம் செய்கிற தொழில் நடத்தியவர். படகை வடிவமைத்தவர் சார்லஸ் நிக்கல்சன். உடம்பு முழுக்க இரும்பு (எஃகு). நீளம் சுமார் 130 அடி, பாய்மரம் 160 அடிக்கு மேல். மூணு பனைமரத்தை ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தி வச்ச மாதிரி! (பக்கத்தில் உள்ள படம் நான் வரைந்தது. பாய்மரத்தின் நுனி சார்ட்டுக்குள் வரவில்லை. நீங்களே மனசுக்குள் வரைந்துகொள்ளுங்கள்.)

இவ்வளவு உயரமாப் பாய் கட்டினா படகு கவுந்துடாதா? எனக்கும் அதே சந்தேகம்தான். நம்ம பக்கத்து வத்தையில், காத்து அடிக்கிற பக்கமாப் பலகையை நீட்டி, அதுல ஆளுங்க போய் உட்கார்ந்து சமாளிப்பாங்க. எண்டெவரில் அதற்குப் பதிலாக அடியில் டன் கணக்கில் ஈயம் வைத்திருந்தார்கள். மேலே காற்று தள்ளும், கீழே ஈயம் இழுக்கும். தலையாட்டி பொம்மை மாதிரி.

அமெரிக்கக் கோப்பை என்று ஒரு படகுப் பந்தயம். 1851-இல் தொடங்கியது. அந்தக் கோப்பையை 1983-இல் ஆஸ்திரேலியா ஜெயிக்கும் வரை 132 வருஷம் அமெரிக்கா யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை. 1934-இல் எண்டெவர் அங்கே போய் முதல் இரண்டு ஓட்டத்தையும் ஜெயித்துவிட்டது. அடுத்த நாலும் போச்சு! 4-க்கு 2 என்று தோற்றது. புறப்படும் முன்னாடி படகுத் தொழிலாளிகள் கூலி கூட்டிக் கேட்டார்களாம். சாப்வித் கொடுக்காமல், தொழில்முறை ஆட்கள் அல்லாத வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார். தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு என்னமோ கூலி கேட்டது தப்பாத் தெரியலை. கொடுத்திருக்கலாம்.

1937-இல் மறுபடி அமெரிக்கா போய்த் திரும்பும்போது இழுத்துவந்த கயிறு அறுந்து, அட்லாண்டிக் கடலில் காணாமலே போய்விட்டது. மூழ்கிவிட்டது என்று நினைத்தார்கள். அது தானாக ஊர் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் கெட்ட காலம். உலகப் போர் வந்தது. இவ்வளவு பெரிய பந்தயப் படகை வைத்துச் செலவு செய்ய ஆள் இல்லை. எண்டெவர் வகையில் மொத்தம் பத்தே படகுகள்தான் கட்டினார்கள், ஆறு அமெரிக்காவில், நாலு இங்கிலாந்தில். அமெரிக்காவின் ஆறையும் உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இங்கிலாந்தில் மூணு மிஞ்சியது. எண்டெவர் சேத்தில் கிடந்து துருப்பிடித்தது. சுக்கான் இல்லை, அடியில் இருந்த ஈயம் இல்லை, பாய்மரம் இல்லை. ஒயிட் தீவில் மெடினா என்ற ஆற்றில் மூழ்கியே போனது. அப்போது இரண்டு தச்சர்கள் அதைப் பத்து பவுண்டுக்கு வாங்கினார்கள். ஓட்டைகளில் பிளாஸ்டிக் பையைத் திணித்து மிதக்க வைத்தார்கள்!

இந்த இடத்தை வாசிச்சுக் காட்டினப்ப எங்க அப்பா சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கலை. "தச்சன்லா, மனசு கேட்டிருக்காது"ன்னாங்க. எங்க அப்பா ஓடாவி. படகு கட்டுறவங்களை எங்க கடற்கரையில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

1984-இல் எலிசபெத் மேயர் என்ற அமெரிக்கப் பெண் எண்டெவரை வாங்கினார். அவர் வசதியானவர், அதை மறைக்கக் கூடாது. காசு இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் காசுள்ளவங்க எத்தனையோ பேர் அதைப் பாத்துட்டுப் போயிருப்பாங்கதானே? கால்ஷாட் என்ற இடத்தில் கடற்கரையோரம் படகு கிடந்தது. இரும்புத் தகடெல்லாம் இத்துப் போயிருந்ததால் பட்டறைக்குக் கொண்டு போனால் வழியிலேயே உடைந்துவிடும். அதனால் படகைப் பட்டறைக்குக் கொண்டு போகாமல், படகைச் சுற்றிப் பட்டறையைக் கட்டினார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். தகடுகளை மாற்றி, உடம்பு உறுதியான பிறகு நெதர்லாந்துக்கு இழுத்துப்போய்ப் பாய்மரமும் மற்றதும் வைத்தார்கள். ஐந்து வருஷ வேலை. 1989 ஜூன் 22-ஆம் தேதி எண்டெவர் பாய் விரித்து ஓடியது. 52 வருஷத்துக்குப் பிறகு! அதே வருஷம் அமெரிக்காவில் நியூபோர்ட்டில், மிஞ்சிய மூணில் இன்னொன்றான ஷாம்ராக் ஐந்து என்ற படகோடு போட்டியில் இறங்கியது. இதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் ஆசை வந்து, பழைய வரைபடங்களை எடுத்துப் புதுசாகவும் கட்ட ஆரம்பித்தார்கள். உடைத்துவிட்ட இரண்டாம் எண்டெவரின் உருவத்தில் 2009-இல் கட்டிய படகுக்கு என்ன பெயர் தெரியுமா? ஹனுமான்! கடல் தாண்டினவர் பேர்.

"இவ்வளவு தகட்டை மாத்திட்டா அது அதே படகாப்பா?"ன்னு கேட்டேன். "நாம வருஷா வருஷம் பலகை மாத்துறோம், வேற வத்தைன்னா சொல்றோம்? உருவம் மாறாம, வங்குக்கால் நின்ன இடத்துலயே நின்னா அதே வத்தைதான்"னு அப்பா சொன்னாங்க. (வங்குக்கால் என்பது படகுக்குள் விலா எலும்பு மாதிரி இருக்கும் கட்டைகள்.)

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு துருவினேன் என்றால், எங்க ஐயாவோட வத்தை வீட்டுக்குப் பின்னாடி பனைக்குக் கீழே கவுந்து கிடக்கு. திருவிழாப் பாய்மரப் போட்டியில் மூணு தடவை ஜெயிச்ச வத்தை. எங்க வீட்டு பித்தளை அண்டா அதில் கிடைச்ச பரிசுதான். ஐயா போனதும் யாரும் ஓட்டலை. இப்ப எல்லாரும் பைபர் படகுக்குப் போயிட்டாங்க. செங்கல் சூளைக்கு விறகு வாங்குறவர் ரெண்டு தடவை வந்து விலை பேசிட்டார். அம்மாவுக்குக் கொடுத்துடணும். அம்மா சொல்றதும் நியாயம்தான், மழைக்கு முன்னாடி கூரை மாத்தணும்.

நான் எண்டெவர் கதையைச் சொன்ன ராத்திரி அப்பா ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில சுத்தியலோட பனைக்குக் கீழே நின்னாங்க. பலகை பலகையாத் தட்டினாங்க. நல்ல பலகை கணீர்னு சத்தம் கொடுக்கும், இத்துப் போனது பொத்துனு கேட்கும். பொத்துனு கேட்டதில் எல்லாம் நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டேன். மொத்தம் பதினொண்ணு. வங்குக்கால் நாலு போச்சு. அடியில் இருக்கிற ஏராக்கட்டை மட்டும் கருங்கல் மாதிரி இருக்கு.

நான் வத்தைக்குள் ஏறிப் பார்த்ததுக்கு அப்பத்தா சத்தம் போட்டாங்க. பொம்பளைப் பிள்ளை படகில் கால் வைக்கக் கூடாதாம். "எலிசபெத் மேயர் பொம்பளைதான் அப்பத்தா"ன்னேன். "அவ ஊர்ல அவ வைப்பா"ன்னாங்க. அப்பத்தாகிட்ட இன்னொண்ணு சொல்லலை. அந்த அம்மா 1993-இல் நியூபோர்ட்டில் படகுகளைப் புதுப்பிக்கிற பள்ளிக்கூடமே ஆரம்பிச்சாங்க. அங்கே பழைய மரப்படகைச் சரி செய்வதும் ஒரு பாடம். பெண்களும் உளி பிடிக்கிறார்கள். பரீட்சை எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன். தண்ணியில இறக்கினா ஒழுகக் கூடாது, அவ்வளவுதான்!

விறகுக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். அப்பா, "தை கழிஞ்சு வாங்க, அப்ப சொல்றேன்"னு அனுப்பிட்டாங்க. அம்மா கோபமா அடுப்படிக்குப் போயிட்டாங்க. கூரைக்கு என்ன பண்றதுன்னு இன்னும் முடிவாகலை. பலகைக்கும் காசு வேணும். அப்பா கட்டுற வேற படகில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிறதுக்குக் கலப்பத்து அடிக்கிறதுன்னு பேர். அதுக்குத் திரி வேணும். சாயங்காலம் வீட்டுப்பாடம் முடிச்சதும் நான்தான் திரிக்கிறேன். நேத்து வரைக்கும் எட்டு முழம் ஆச்சு. அப்பா அறுபது முழம் கேட்டிருக்காங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி