ரெண்டு கையிலயும் கேமரா

2016-ல பெங்களூர்ல பசவேஸ்வரா சர்க்கிள்ல இருந்து ஹெப்பாள் வரைக்கும் இரும்பு மேம்பாலம் கட்டப் போறதா அரசு சொல்லுச்சு. சுமார் 6.7 கிலோமீட்டர். அதுக்கு வெட்டணும்னு கணக்கு போட்ட மரங்கள் 812.

பேப்பர்ல படிச்சப்போ எனக்கு அது வெறும் நம்பர்தான். அதை மரமா காட்டினவர் எங்க அபார்ட்மெண்ட்ல இருக்கற நண்பர் ஒருத்தர். வாரம் பூரா ஐ.டி. வேலை, லீவு நாள்ல அந்த ரோட்டு மரங்களை ஒவ்வொண்ணா படம் எடுப்பார். மரத்தடியில இளநீர் விக்கிறவர், பஸ்ஸுக்கு நிக்கிற ஸ்கூல் பசங்க எல்லாரும் படத்துல இருப்பாங்க. நிழல் போனா யாருக்கு நஷ்டம்னு பாத்தவுடனே புரியும்.

அக்டோபர் 16, ஞாயித்துக்கிழமை. "ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா"ன்னு ஆயிரக்கணக்கான பேர் மனிதச் சங்கிலியா நின்னோம். (பேடான்னா வேண்டாம்.) நான், வீட்டம்மா, பொண்ணு மூணு பேரும் கை கோர்த்தோம். அவர் மட்டும் கோர்க்கலை. ரெண்டு கையிலயும் கேமரா! கேட்டவங்களுக்கெல்லாம் படத்தைச் சும்மாவே கொடுத்தார். பேர் போடச் சொல்லிக்கூடக் கேக்கலை.

பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் விஷயம் போச்சு. 2017 மார்ச்சில திட்டத்தையே கைவிட்டாங்க. மேடையில பேசினவங்க, வழக்கு போட்டவங்க எல்லாரையும் பாராட்டினாங்க, சந்தோஷம். இவருக்கு யாரும் சொன்ன மாதிரி தெரியலை. அதான் நான் சொல்றேன்: ரொம்ப நன்றிண்ணே.