பன்னு எங்க வாங்குதிய தம்பி?

திருச்செந்தூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முருகன், கடல், நாழிக்கிணறு, பனங்கிழங்கு, கருப்பட்டி... பர்கர் வருமா? வராதுல்ல. எனக்கும் போன மாசம் வரைக்கும் வரல. "மாப்ள, நம்ம ஊர்ல பர்கர் கடை திறந்தாச்சுலே"ன்னு நண்பன் போன் பண்ணப்போ நம்பவே இல்ல.

சோழிங்கநல்லூர்ல ஆபீஸ் கேன்டீன்லயே வாரம் ரெண்டு பர்கர் உள்ள தள்ளுற ஆளுதான் நான். ஆனா சொந்த ஊர்ல பர்கர்னா அது தனி கெத்து இல்லையா? செந்தூர் எக்ஸ்பிரஸ்ல சனிக்கிழமை காலைல வந்து இறங்கினேன். சாயங்காலம் அப்பாவையும் கிளப்பிட்டேன். அம்மாவுக்கு சனிக்கிழமை விரதம். "அந்த சவத்த நீங்களே தின்னுட்டு வாங்க"ன்னு ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினாங்க.

அப்பாவைப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லணும். தூத்துக்குடியில ஒரு பேக்கரியில 28 வருஷம் மாஸ்டர். தினமும் 40 கிலோமீட்டர் பஸ்ல போய்ட்டு வருவாங்க. ராத்திரி ஷிப்டுல பன், ரொட்டி. அது போக மக்ரூன். முட்டை வெள்ளைக்கருவை நுரை பொங்க அடிச்சு, சீனியும் முந்திரிப்பொடியும் சேர்த்து, கூம்பு கூம்பா பிழிஞ்சு, மெல்லிசான சூட்டுல ரொம்ப நேரம் வைக்கணும். சூடு கூடினா நிறம் மாறிடும். காத்துல ஈரம் இருந்தா பிசுபிசுத்துடும். அவ்ளோ பக்குவமான வேலை. முட்டி வலியால வேலைய விட்டு மூணு வருஷம் ஆச்சு. இப்ப முழுநேர வேலை டிவி பாக்குறதும், ஃபேன் சுவிட்ச அணைக்கிறதும்தான்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். காலேஜ் முதல் வருஷத்துல "அப்பா என்ன பண்றாங்க"ன்னு கேட்டதுக்கு "பிசினஸ்"னு சொன்னவன் நான். ஹாஸ்டலுக்கு அப்பா அனுப்புன மக்ரூனை ரூம்ல எல்லாரும் அள்ளித் தின்னுட்டு எங்க வாங்கினதுன்னு கேட்டப்போ ஒரு கடை பேரைச் சொன்னேன். நாலு வருஷமும் அதே பொய்தான். அப்பாகிட்ட இதை நான் சொன்னதே இல்ல.

சரி, கடைக்கு வருவோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவுல சின்னக் கடை, நாலே டேபிள். துபாய்ல ஹோட்டல் வேலை பாத்துட்டு வந்த தம்பிதான் ஓனர். சுவத்துல "சஷ்டி ஆறு நாளும் சைவம் மட்டும்"னு எழுதி ஒட்டியிருந்தான். வெவரமான பயதான். 1996ல டெல்லியில முதல் கடை திறந்த மெக்டொனால்ட்ஸே மாட்டுக்கறி இல்லாமத்தான் ஆரம்பிச்சான். செந்தூர்ல கடை போடுறவன் காலண்டரைப் பாக்காம பொழைக்க முடியுமா?

சிக்கன் பர்கர் ரெண்டு வந்துச்சு. நான் ஒரு கடி கடிச்சாச்சு. கறி நல்ல மொறுமொறுப்பு, காரமும் நம்ம ஊர் காரம். ஆனா பன்னு மேல உதிருது, அடியில ஊறிப்போய் கையோட வருது.

அப்பா கடிக்கவே இல்ல. மேல் பன்னை மட்டும் தனியா எடுத்தாங்க. அமுக்கிப் பாத்தாங்க. மோந்து பாத்தாங்க. பிச்சு வெளிச்சத்துல காட்டிப் பாத்தாங்க. பக்கத்து டேபிள்ல ரெண்டு காலேஜ் பொண்ணுங்க சிரிக்குதுங்க. எனக்கு அதே பழைய கூச்சம். "யப்பா, சும்மா சாப்பிடுங்கப்பா"ன்னு பல்லைக் கடிச்சேன்.

அவங்க ஓனரைக் கூப்பிட்டு, "பன்னு எங்க வாங்குதிய தம்பி?"ன்னாங்க.

"வெளியூர்ல இருந்து பார்சல்ல வருது அண்ணாச்சி. ரெண்டு நாளைக்கு ஒருக்கா."

"அதான். சூடு ஆறுமுன்ன கவர்ல போட்டுருக்கான், உள்ள வேர்த்துருக்கு. வெட்டுன பக்கத்த வெண்ணெய் தடவி கல்லுல வாட்டிட்டு சாஸ் ஊத்துங்க, அடி ஊறாது. மாவுல கொஞ்சம் பால் சேத்து நீங்களே போட்டா இன்னும் நல்லாருக்கும்."

அந்தத் தம்பி அப்படியே நின்னுட்டான். "அண்ணாச்சி பேக்கரி வச்சிருந்தியளோ?"

அப்பா பதில் சொல்லல. என்னைத்தான் பாத்தாங்க. ஒரே ஒரு செகண்டுதான். ஆனா அந்தப் பார்வையில, காலேஜ்ல நான் என்ன சொன்னேன்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும்ங்கிறது எனக்குப் புரிஞ்சு போச்சு. எப்படித் தெரியும்னு தெரியாது. கேக்கவும் தைரியம் இல்ல.

"இல்ல தம்பி, எங்கப்பா தூத்துக்குடியில 28 வருஷம் பேக்கரி மாஸ்டரா இருந்தாங்க. ரொட்டி, பன், மக்ரூன் எல்லாம் போடுவாங்க"ன்னேன். ஒரு வெளி ஆளுகிட்ட நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் ஒரு மாதிரி ஆயிருச்சு, காரம்னு சமாளிச்சேன். அப்பா குனிஞ்சு பர்கரை முழுசா தின்னு முடிச்சாங்க. உதிர்ந்ததையும் விடல.

இப்ப அம்மா போன்ல ஒரே புலம்பல். "யய்யா, ஒங்கப்பா காலைல ஆறு மணிக்கெல்லாம் அந்தக் கடைக்குப் போயிருதாவ. முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல." முதல் ரெண்டு தடவை போட்ட பன் சொதப்பலாம். கரண்ட் அடுப்புல மேல் சூடு ஜாஸ்தி, விறகு அடுப்பு மாதிரி வராதுன்னு அப்பா ஒரு மணி நேரம் விளக்கம் குடுத்தாங்க. நான் ஒரு வார்த்தை குறுக்க பேசலியே!

போன வாரம் ஊர்ல இருந்து வந்த நண்பன்கிட்ட ஆறு பன் குடுத்து விட்டுருந்தாங்க. கறியெல்லாம் இல்ல, வெறும் பன்னு. ஆபீஸ்ல டீயில முக்கித் தின்னோம். எந்தக் கடைல வாங்கினதுன்னு டீம்ல கேட்டாங்க.

இந்தத் தடவை கடை பேர் சொல்லல.