விசையின் மேல் ஒரு விரல்



மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்குத் துப்பாக்கி எதற்கு என்று உறவினர் பலர் வினவுகின்றனர். தாடியும் தொப்பியுமாய் ஒருவர் துப்பாக்கி ஏந்தினால் ஊர் என்ன நினைக்கும் என்பதே அவர்களின் அச்சம். அது நியாயமானதே. ஆதலால் முறைப்படி இயங்கும் ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி, பயிற்சியாளரின் கண்முன் பகலிலேயே கற்கிறோம்.

இலக்கு 50 மீட்டர் தொலைவில். அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. குப்புறப் படுத்து, மூச்சை வெளியேற்றி, அடுத்த மூச்சு எழுமுன் உள்ள அமைதியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும். சில வினாடிகள் கடந்தால் பார்வை மங்கும், குறி அலையும். காற்று திசைமாறினால் சுடுதளத்துக் கொடி காட்டிக்கொடுக்கும். அப்போது சுடாமல் துப்பாக்கியை இறக்கி, மூச்சிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்த இறக்குதலே மிகக் கடினம். 'சுட்டுவிடு' என்று நஃப்ஸ் தூண்டிக்கொண்டே இருக்கும்.

அம்பெய்தலைக் கற்க நபி (ஸல்) அவர்கள் ஆர்வமூட்டினார்கள்; கோபத்தில் தன்னை அடக்குபவரே வீரர் என்றும் போதித்தார்கள். இவ்விரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்பது சுடுதளத்தில்தான் நமக்கு விளங்கிற்று. பாடம் மறந்து நடுங்கி நிற்கும் பிள்ளையின் முன்னும், வீட்டில் பேச்சு தடிக்கும்போதும், இப்போது ஒரு மூச்சு நேரம் நிதானிக்கிறோம். சுடாத குண்டு நம் கையில் இருக்கும். சொல்லாத சொல்லும் அவ்வாறே.

நாவையும் கரத்தையும் அடக்கும் வலிமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.