நூற்றியோராவது நேயர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்திய இரவு. நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் நடத்தும் இணைய வானொலியில் நேரடி வாழ்த்து நிகழ்ச்சி. ஒலிவாங்கியின் முன் நான். கைப்பேசிச் செயலி வழியாகக் கேட்பவர்களின் எண்ணிக்கை திரையின் ஓரத்தில் தெரியும். எட்டரை மணிக்கு அது 100-ஐத் தொட்டது. "நூறு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!" என்று குதூகலமாகச் சொன்னேன். ஒன்பது மணிக்கும் நூறுதான். ஒன்பதரைக்கும் நூறுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பத்து மணிவாக்கில் ஓர் ஐயா அழைத்தார். தாப்பாவிலிருந்து பேசுகிறாராம். "தங்கச்சி, உங்க ரேடியோ எடுக்கவே இல்லையே. லண்டன்ல இருக்கிற மகளும் நானும் ஒரே நேரத்துல கேக்கலாம்னு சொல்லி வெச்சிருந்தோம். அவளுக்கு வருதாம், எனக்கு வரல. வாழ்த்து வாசிச்சிட்டீங்களா?"

வாசித்துவிட்டேன். கால் மணி நேரத்துக்கு முன்.

என் கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் ஒலித்தது. ஆறு மணியிலிருந்தே அது இணைப்பில் இருந்தது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. எங்களுக்கு சர்வர்களை அமைத்துக் கொடுத்த தம்பி அதற்குள் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போயிருந்தான். அவனை அழைத்தேன். ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தான். நாங்கள் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் என்ற ஒலிபரப்பு மென்பொருளை நிறுவும்போது, ஒரே நேரத்தில் 100 பேர்தான் கேட்கலாம் என்ற வரம்பு அதன் அமைப்புக் கோப்பில் இயல்பாகவே எழுதியிருக்கும். எங்களிடம் மூன்று வாடகை சர்வர்கள். முதல் இரண்டில் அதை 400 என்று மாற்றியிருந்தோம். கைப்பேசிகளுக்கான மூன்றாவதில் மாற்ற மறந்துவிட்டோம். நூற்றியோராவது ஆளாகக் கதவைத் தட்டியவர்களையெல்லாம் சர்வர் ஓசைப்படாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. நானோ நூறு நூறு என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

"மூணு சர்வரையும் கையால பாத்துக்கிட்டா இப்படித்தான் ஆகும்க்கா. அன்சிபிள் கத்துக்குங்க" என்றான் தம்பி. நான் படித்தது ஊடகவியல். சர்வரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் விட்டுச்சென்ற நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதியிருந்த கட்டளைகள் மட்டுமே. தீபாவளிப் பலகாரம் தீர்ந்த வாரத்தில் உட்கார்ந்தேன்.

அன்சிபிள் ஓர் இலவச மென்பொருள். மைக்கேல் டிஹான் என்பவர் 2012-இல் வெளியிட்டார், 2015-இல் ரெட் ஹாட் நிறுவனம் அதை வாங்கியது. பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. உர்சுலா லெ குவின் 1966-இல் எழுதிய அறிவியல் புதினம் ஒன்றில், விண்மீன்களுக்கு இடையே கொஞ்சமும் தாமதமின்றிச் செய்தி அனுப்பும் கருவிக்கு அன்சிபிள் என்று பெயர். எங்கள் ஒலிபரப்பு நேயரை அடையவே இருபது விநாடி ஆகிறது. "இப்போது சரியாக எட்டு மணி" என்று நான் சொல்வது ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை.

முதல் மாலை முழுக்க என் மடிக்கணினியோடு மல்லுக்கட்டியே போனது. கட்டளை கொடுக்கும் கணினி லினக்ஸாகவோ மேக்காகவோ இருக்க வேண்டும். விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே ஒரு லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும். சர்வர்களின் பக்கம் வேலை குறைவு. தனியாக எதையும் அங்கே நிறுவத் தேவையில்லை, பைத்தான் இருந்தால் போதும். நாம் வழக்கமாக உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் வழியாகவே அன்சிபிளும் நுழைந்து வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடும்.

அடுத்து ஒரு கோப்பில் மூன்று சர்வர்களின் பெயரையும் எழுத வேண்டும். இதை இன்வென்டரி என்கிறார்கள். எழுதிவிட்டு 'பிங்' கட்டளையைக் கொடுத்தால், பள்ளியில் ஆசிரியர் பெயர் கூப்பிடுவதைப் போல ஒவ்வொரு சர்வரையும் கூப்பிடும். அது 'பொங்' என்று பதில் தரும். இரண்டு பொங் வந்தது. மூன்றாவது வரவில்லை. அதே மூன்றாவதுதான்! அதன் முகவரியில் ஓர் எண்ணைத் தப்பாக அடித்திருந்தேன்.

பிறகுதான் ப்ளேபுக். வானொலியில் இருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டு, எங்கே விளம்பரம் என்று நிகழ்ச்சிப் பட்டியல் எழுதுவோமே, அதே மாதிரிதான். ஐஸ்காஸ்ட் நிறுவப்பட்டிருக்க வேண்டும், அமைப்புக் கோப்பு இப்படி இருக்க வேண்டும், சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று வரிசையாக எழுதினேன். யாமல் என்ற வடிவில் எழுத வேண்டும். அதில் வரியின் தொடக்கத்தில் எத்தனை இடைவெளி விடுகிறோம் என்பதற்கும் பொருள் உண்டு, டேப் விசையைத் தொடவே கூடாது. நான் தொட்டேன். ஒரு மணி நேரம் போனது.

அன்சிபிளில் எனக்கு மிகவும் பிடித்துப்போன குணம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நாம் "இதைச் செய்" என்று சொல்வதில்லை, "இப்படி இருக்க வேண்டும்" என்கிறோம். ஏற்கெனவே அப்படி இருந்தால் அது கைவைக்காது. முதல் முறை ஓட்டியபோது திரையில் மஞ்சள் வரிகள் வந்தன, மாற்றியிருக்கிறது என்று பொருள். உடனே மறுபடி ஓட்டினேன். எல்லாம் பச்சை, மாற்றம் பூஜ்ஜியம். எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஐஸ்காஸ்ட்டை நிறுத்தித் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் துண்டிக்கப்படுவார்கள். அதனால் அமைப்புக் கோப்பு மாறினால் மட்டும் மறுதொடக்கம் செய்யும்படி எழுதினேன். இதற்கு ஹேண்ட்லர் என்று பெயர். கடவுச்சொற்களை வால்ட் என்ற வசதியால் பூட்டி வைத்தேன். ஐஸ்காஸ்ட்டின் மாதிரிக் கோப்பில் இருக்கும் கடவுச்சொல் 'ஹேக்மீ'. என்னைத் திருடு என்று அதுவே கூப்பிடுகிறது!

இன்னொன்று. கணினியில் கவ்சே என்ற குறும்பு நிரல் இருந்தால், அன்சிபிள் தன் செய்திகளை ஒரு பசுமாடு சொல்வதாகப் படம் வரைந்து காட்டும். என் மகன் அதைப் பார்ப்பதற்காகவே நாலு முறை ஓட்டச் சொன்னான்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு பிற்பகலில் வரம்பை 400 என்று அடிப்பதற்குப் பதில் 40 என்று அடித்து ஓட்டிவிட்டேன். கையால் செய்திருந்தால் ஒரு சர்வர் கெட்டிருக்கும். இதுவோ ஒரு நிமிடத்துக்குள் மூன்றையும் கெடுத்தது. அந்நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முப்பது பேர்தான் என்பதால் வெளியே யாருக்கும் தெரியவில்லை. இப்போது முதலில் ஒத்திகை பார்க்கிறேன். 'செக்', 'டிஃப்' என்ற இரண்டு சொற்களைக் கட்டளையோடு சேர்த்தால், எந்த வரி எப்படி மாறப்போகிறது என்று காட்டும், மாற்றாது. அதைப் பார்த்த பிறகும் ஒரு சர்வரில் முடிந்த பின்னரே அடுத்ததற்குப் போகும்படி அமைத்திருக்கிறேன். ஒரே ஒரு சர்வர் வைத்திருப்பவருக்கு இவ்வளவு பாடு தேவையா என்றால், தேவையில்லை என்றே சொல்வேன். இரண்டாவது வாங்கும் அன்று தொடங்கலாம்.

சென்ற தீபாவளிக்கு நான்காவது சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். இன்வென்டரியில் ஒரு வரி சேர்த்து ஓட்டிவிட்டு, தே தாரேக் கலக்கிக்கொண்டு வந்தேன். முடிந்திருந்தது. கோப்புகளெல்லாம் இப்போது குழுவில் எல்லாருக்கும் பொதுவான இடத்தில் இருக்கின்றன. நோட்டுப் புத்தகம் என் அலமாரியில் கிடக்கிறது.

அன்றிரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசி எண்ணிக்கை 100-ஐத் தாண்டியது. 101 என்று திரையில் வந்ததை என் கைப்பேசியில் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். ஐயாவின் எண்ணை வைத்திருந்தேன். முன்கூட்டியே அழைத்து, வாழ்த்தைப் பத்து மணிக்கு வாசிப்பதாகச் சொல்லியிருந்தேன். மகளின் பெயரைச் சொல்லி வாசித்து முடித்தேன். பாட்டைப் போட்டுவிட்டு அந்த இருபது விநாடி கழியட்டும் என்று காத்திருந்தேன்.

தொலைபேசி அடித்தது. "கேட்டுச்சு தங்கச்சி. அவளும் கேட்டுட்டா, பக்கத்துல இன்னொரு போன்ல இருக்கா" என்றார். கொஞ்சம் தயங்கினார். "ஆனா இந்தப் பாட்டு வேணாமே. பழசு எதாவது போடுங்களேன்."