ஒரே எஸ்ஹெச், உள்ளே வேற வேற ஆளு

கடம்பத்தூர்,
ஞாயிறு

அன்புள்ள தோழிக்கு,

ஆபீஸ் சண்டை என்னாச்சுன்னு போன்ல கேட்டியே, விலாவாரியா சொல்றேன் கேளு.

எங்க ஸ்டோர்ஸ் பையன், துறுதுறுன்னு இருப்பானே, ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான். முந்தின நாள் டிஸ்பேட்ச் கணக்கைத் திரட்டித் தேதி போட்டு வைக்கிற வேலை. அவன் உபுண்டுல ஜோரா ஓடிச்சு. மேனேஜருக்கு, மகள் பெங்களூருல வாங்கிக் கொடுத்த மேக்லயும் அது ஓடணும்னு ஆசை. ஓட்டினார், மல்லாக்க விழுந்துச்சு. "உனக்கு எழுதத் தெரியலை"ன்னு அவர், "என் மெஷின்ல ஓடுது சார்"னு இவன். கேன்டீன்ல ரெண்டு கட்சி!

விஷயம் இதுதான்டி. நேத்துத் தேதி எடுக்க உபுண்டுல 'டேட்'டுக்குப் பின்னால மைனஸ் டி. மேக் பி.எஸ்.டி. வம்சம், அதுக்கு மைனஸ் வி தான் புரியும். எழுத்து மாத்துற 'செட்' இன்னும் கூத்து. மைனஸ் ஐ போட்டா, அடுத்து வர்றதை மேக் பேக்கப் ஃபைலோட வால்னு எடுத்துக்கிட்டு, ஃபைல் பேரையே கட்டளையா வாசிக்கும். இவன் ஃபைல் பேரு டிஸ்பேட்ச். 'டி' கட்டளைக்குப் பின்னால என்னென்னவோ எழுத்து இருக்குன்னு திட்டிச்சு பாரு, மேனேஜர் மூஞ்சியைப் பாக்கணுமே! மேக்ல இருக்கிற பேஷ் ஷெல்லும் அரதப்பழசு, 3.2. 2009-ல வந்த 4.0 ஜி.பி.எல். 3 உரிமத்துல வந்ததால ஆப்பிள் அதைச் சேர்த்துக்கவே இல்லை.

அக்கவுண்ட்ஸ் அக்கா மெஷின்ல பாஸ் லினக்ஸ். நம்ம சி-டாக் டெபியனை வெச்சுச் செஞ்சது. அங்கே ரிப்போர்ட் தலைப்புல 'மைனஸ் ஈ'ன்னு அச்சாகி, அக்கா அதைக் கம்பெனி பேரோட சேர்த்து வாசிச்சாங்க! டெபியன்ல 2011-லேர்ந்து எஸ்ஹெச்னா டேஷ். டேஷோட 'எக்கோ'வுக்கு மைனஸ் ஈ தெரியாது. உபுண்டுல 2006-லேர்ந்தே டேஷ்தான். அப்போ பையனுக்கு எப்படி ஓடிச்சு? முன்னால 'பேஷ்'னு தட்டித்தான் ஓட்டுவான், கள்ளன்! கிரான்ல போட்டிருந்தா, எஸ்ஹெச் வழியா ஓடி, அவன் மெஷின்லயே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கடைசியில எக்கோவுக்குப் பதில் பிரின்ட்எஃப், திருத்தினதைப் புது ஃபைல்ல எழுதிப் பேர் மாத்துறது, தேதியை ஓட்டுறவங்களே கொடுக்கிறதுன்னு போசிக்ஸ் பொது விதிக்குள்ள அடக்கியாச்சு. மூணுலயும் ஓடுது. ஐடியா தன்னோடதுன்னு மேனேஜர் சொல்லிக்கிட்டுத் திரியறார்.

உன் ஆபீஸ் ஸ்கிரிப்டையும் ஷெல்செக்ல போட்டுப் பாரு, டேஷ்லயும் ஒருதரம் ஓட்டு. பலனை எழுது, உன் நாத்தனார் கல்யாணச் சேதியோட.

உன்
பிரியமுள்ள தோழி