வேனுக்குள் ஒரு குட்டி ஃபிரிட்ஜ்

இங்கே ஆஸ்திரேலியாவில் வேன் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கூரையில எத்தனை வாட் சோலார் போடணும்?” நான் திருப்பிக் கேட்பது, “வெயில் போனதும் ஃபிரிட்ஜ் பேட்டரியில்தானே ஓடணும், ராத்திரிக்கு என்ன பண்ணுவீங்க?”

40 லிட்டர், 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 40, 50 வாட் இழுக்கும். விட்டு விட்டுத்தான் ஓடும் என்பதால், வெயில் நாளில் மொத்தம் 30, 40 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியோடு நிறுத்துவதுதான் அதன் ஆயுளுக்கு நல்லது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். விலைதான் கையைக் கடிக்கும்.

ஆனால் பாதிப் பேர் கோட்டைவிடுவது ஒயரில். சிகரெட் லைட்டர் சாக்கெட், அதில் நூல் மாதிரி ஒரு ஒயர். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் வழியிலேயே இறங்கிவிடும். பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 காட்டும், ஃபிரிட்ஜ் முனையில் 11-க்கும் கீழே. பேட்டரி காலி என்று நினைத்து ஃபிரிட்ஜ் தானே அணைந்துகொள்ளும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஃபியூஸ் வழியாக நேரே இழுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

கேஸில் ஓடும் ஃபிரிட்ஜும் உண்டு. 1922-ல் ஃபான் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரண்டு ஸ்வீடன் மாணவர்கள் கண்டுபிடித்த சங்கதி. சூடேற்றியே குளிர வைக்கும், சத்தமே இருக்காது. வேன் சரிந்து நின்றால் மட்டும் முரண்டு பிடிக்கும்.

வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டரில் மாட்டலாமா? மாட்டலாம். ஆனால் இன்வெர்ட்டர் சும்மா இருப்பதற்கே தனியாகத் தீனி கேட்கும்.